வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரிடமும் கேளுங்கள்

அனுப்புநர்: பெரம்பூர் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் மனு டைப் அடிப்பவள், இரண்டு பெண் பிள்ளைகளின் அம்மா.

பெறுநர்: குடும்ப நல இயக்குநர் அவர்கள், தேனாம்பேட்டை, சென்னை. மற்றும் இந்த ஊர்ப் பிரசவ வார்டுகளில் வேலை பார்க்கும் டாக்டர்கள், சிஸ்டர்கள்.

பொருள்: குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பற்றி யாரிடம், எப்போது கேட்பது என்பது குறித்து.

ஐயா, அம்மா,

வணக்கம். ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து மனுவாவது அடிக்கிறேன். பட்டா பெயர் மாற்றம், முதியோர் உதவித்தொகை, ரேஷன் கார்டில் பெயர் நீக்கம். எல்லாமே 'மேற்படி பொருள் தொடர்பாகத் தங்களது மேலான கவனத்திற்கு' என்றுதான் ஆரம்பிக்கும். எனக்காக நான் அடிக்கும் முதல் மனு இது. அந்த நடையில் எழுதினால் சொல்ல வந்தது சொல்லாமலே போய்விடும் என்பதால் நேராகச் சொல்கிறேன்.

என் சின்னவள் பிறந்தது சிசேரியனில். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துவிட்டது. முகத்துக்கு முன்னால் பச்சைத் துணி. அந்தப் பக்கமிருந்து டியூட்டி டாக்டர் கேட்டார்: "ரெண்டாவதுதானேம்மா? அப்படியே ஃபேமிலி பிளானிங்கும் முடிச்சிடலாமா?" சிஸ்டர் ஒருவர் அட்டையில் காகிதம் வைத்து என் வலது கைப்பக்கம் நீட்டினார். அந்தக் கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. கையெழுத்துப் போடும் கையா, மருந்து ஏறும் கையா என்று எனக்கே குழப்பம். "குழந்தை அழட்டும் சிஸ்டர், அப்புறம் சொல்றேன்" என்றேன். குழந்தை அழுதது. "பொண்ணும்மா" என்றார்கள். மூத்ததும் பெண் என்று கேஸ் ஷீட்டில் இருந்தது போல. "சரி, அப்போ நிதானமா வீட்ல யோசிச்சு சொல்லு" என்று அந்த அட்டை வந்த வழியே போய்விட்டது.

இரண்டு நிமிடத்துக்கு முன் அவ்வளவு அவசரமாக இருந்த விஷயம், பெண் என்றதும் நிதானமாக யோசிக்க வேண்டிய விஷயமாகிவிட்டது. அந்த ஆஸ்பத்திரியின் பெயரை எழுத மாட்டேன். குழந்தையையும் என்னையும் நல்லபடியாக வீட்டுக்கு அனுப்பியவர்கள் அவர்கள். வேறு ஆஸ்பத்திரிகளில் பெற்றவர்களிடம் விசாரித்தாலும் இதே கதையைத்தான் சொல்கிறார்கள்.

இத்தனையும் நடக்கும்போது என் வீட்டுக்காரர் வெளியே பெஞ்சில் ஃபிளாஸ்க்கும் கட்டைப்பையுமாக உட்கார்ந்திருந்தார். அவரிடம் கேட்டது இரண்டே கேள்வி. ரத்தம் கொடுக்க ஆள் இருக்கா? ஆதார் ஜெராக்ஸ் எங்கே?

தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பெண்களுக்கான ஆபரேஷனுக்கு நான் எதிரி இல்லை. என் அக்கா சுகப்பிரசவமான மூன்றாம் நாளே செய்துகொண்டாள். நல்லபடியாக இருக்கிறாள். சிசேரியனில் வயிற்றைத் திறந்திருக்கும்போதே கருக்குழாயையும் கட்டிவிட்டால் இன்னொரு தடவை படுக்க வேண்டாம் என்பது நியாயமான கணக்குதான். ஆனால் அந்தக் கணக்கை ஏழாம் மாதச் செக்கப்பில், உட்கார்ந்த நிலையில், இரண்டு பேரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு போட்டிருக்கலாமே? மயக்கத்திலோ பிரசவ வலியிலோ இருப்பவளிடம் கையெழுத்து வாங்கக் கூடாது என்பது அரசே போட்ட விதி. காப்பர்-டி 10 வருஷம் தாங்கும், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போடும் அந்தரா என்ற கருத்தடை ஊசி இருக்கிறது, அவசரமில்லை, யோசியுங்கள் என்று அந்த ஏழாம் மாதத்தில் ஒருவர் சொல்லியிருந்தால் போதும்.

தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் 2019-21 அறிக்கையை ஒருநாள் கடையில் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். கல்லூரிப் பெண் ஒருத்தி பிராஜெக்டுக்காகக் கேட்டாள். தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் 57.8 சதவீதம். கணவன் செய்துகொண்ட வீடுகள் 0.1 சதவீதம். ஆயிரம் வீட்டுக்கு ஒரு வீடு. தாள் மெஷினில் சிக்கிக்கொண்டதா, எண் ஏதாவது விழுந்துவிட்டதா என்று திரும்பப் பார்த்தேன். விழவில்லை.

ஆண்கள் எப்போதுமே ஓடியவர்கள் என்றும் சொல்ல முடியாது. 1950களின் பிற்பகுதியிலேயே சென்னை மாநில அரசு ஆபரேஷன் செய்துகொள்பவர்களுக்குப் பணம் கொடுத்தது. அந்தக் காலத்தில் இந்த ஆபரேஷன் என்றாலே பெரும்பாலும் ஆண்களுக்குத்தான். பிறகு வந்தது எமர்ஜென்சி. 1976-77 என்ற ஒரே ஆண்டில் நாடு முழுக்கச் சுமார் 82 லட்சம் ஆபரேஷன், அதில் 62 லட்சம் ஆண்கள். வட மாநிலங்களில் பிடித்து இழுத்துப் போய்ச் செய்த கதை எல்லோருக்கும் தெரியும். தேர்தலில் ஆட்சியே போனது. அதற்குப் பிறகு எந்தக் கட்சியும் ஆம்பிள்ளை பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் மேல் காட்டிய முரட்டுத்தனத்துக்கு 50 வருஷமாக வட்டி கட்டிக்கொண்டிருப்பது பெண்ணின் வயிறு.

பெண்களிடம் மட்டும் முரட்டுத்தனம் நின்றதா? 2014 நவம்பரில் சத்தீஸ்கர் மாநிலம் பிலாஸ்பூரில் நடந்த கருத்தடை முகாமில் ஒரே டாக்டர் ஒரே நாளில் 83 பெண்களுக்குச் செய்தார். அந்த வாரம் நடந்த முகாம்களில் செய்துகொண்ட 13 பெண்கள் செத்தார்கள். முகாம்களை மூன்று ஆண்டுக்குள் நிறுத்துங்கள் என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நம் ஊரில் நிலைமை எவ்வளவோ மேல், மறுக்கவில்லை.

எங்கள் வீட்டுக்கு வருகிறேன். சின்னவளுக்கு ஒரு வயது முடிந்ததும் இனி வேண்டாம் என்று இரண்டு பேரும் முடிவு செய்தோம். ஏற்கெனவே இரண்டு தடவை கத்தி பட்ட வயிறு. அவர் குட்டியானை ஓட்டுகிறார், கோயம்பேட்டிலிருந்து காய்கறி லோடு. "உனக்கு வயித்தைக் கிழிக்கணும், எனக்கு மேல்தோல்ல ஒரு ஓட்டையாம், நான் போறேன்" என்று அவராகவே சொன்னார். யூடியூபில் பார்த்திருக்கிறார். பெரிய தியாகி மாதிரி எல்லாம் சொல்லவில்லை. சாம்பாரில் உப்புக் கம்மி என்று சொல்வது போலச் சொன்னார்.

மாமியார் மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் பேசியது: "மூட்டை தூக்குற உடம்பு. நாளைக்கு அவனுக்கு ஒண்ணு ஆயிட்டா நீயா லோடு அடிப்பே?" அந்தக் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியும். ஆனால் ஒரு டாக்டரோ நர்சோ வீட்டுக்கு வந்தபோது அதை மாமியாரிடம் சொல்லியிருந்தால் எடுபட்டிருக்கும். மருமகள் சொன்னால் எடுபடுமா? விந்து போகும் குழலை மட்டும்தான் கட்டுகிறார்கள், ஆண்மைக்கான சுரப்பு ரத்தத்தில் கலப்பது, அதற்கும் இந்தக் குழலுக்கும் சம்பந்தமில்லை, வெளியேறும் அளவுகூடக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரிக் குறையாது, இரண்டு நாள் ஓய்வு, ஒரு வாரம் பாரம் தூக்கக் கூடாது, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்த நர்ஸம்மா என்னிடம் கேட்டது, "எப்பம்மா வர்றே ஆபரேஷனுக்கு?" என் வீட்டுக்காரர் அதே அறையில் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரிக்குப் போனோம். குடும்ப நலப் பிரிவு எங்கே என்றால் பிரசவ வார்டுக்குப் பக்கத்து அறையைக் காட்டினார்கள். பெஞ்ச் நிறைய வயிறும் கைக்குழந்தையுமாகப் பெண்கள். இவர் நிற்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் செல்போனைப் பார்த்துக்கொண்டே ஒன்றரை மணி நேரம். டோக்கன் கூப்பிட்டதும் நான் எழுந்தேன், அவரும் எழுந்தார். "நீங்க வெளியே இருங்க சார்" என்றார்கள். "எனக்குத்தாங்க" என்றார். உள்ளே இருந்தவர் நிமிர்ந்து என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏம்மா, உனக்கு என்ன பிரச்சினை?"

எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. அதைத்தான் சொல்ல வந்தோம்.

மற்றபடி அந்த டாக்டர் தங்கமானவர். மரத்துப்போக ஊசி, கத்தியில்லாமல் சின்னத் துளை, தையல் இல்லை, இருபது நிமிடம். ஷேர் ஆட்டோ வேண்டாம் குலுக்கும் என்று தனி ஆட்டோ பிடித்து வந்தோம். வண்டி எட்டு நாள் நின்றது. நீங்கள் தரும் 1,100 ரூபாய் அதற்கு ஈடில்லை, பரவாயில்லை. குறை வேறு இடத்தில். ஆபரேஷன் முடிந்த அன்றே பலன் வராது, ஏற்கெனவே குழலில் தங்கியிருப்பது வெளியேற மூன்று மாதம் ஆகும், அதுவரை நிரோத் வேண்டும், மூன்று மாதம் கழித்து விந்துப் பரிசோதனையில் அணுக்கள் இல்லை என்று வந்த பிறகுதான் நிம்மதி. இதை ஒருவர் போகிற போக்கில் வாசலில் சொன்னார், அதுவும் நான் கேட்டதால். காகிதத்தில் இல்லை. இதைச் சொல்லாமல் ஒருவரை அனுப்பி, இரண்டாம் மாதம் மனைவிக்கு நாள் தள்ளிப்போனால் அந்த வீட்டில் என்ன பேசுவார்கள் என்று நினைத்துப் பாருங்கள். ஆபரேஷன் செய்தது அவன், சந்தேகம் விழுவது அவள் மேல்.

பரிசோதனை அன்று லேபில் சர்க்கரைக்கு ரத்தம் கொடுக்கும் வரிசைக்குள்ளேயே ஒரு சின்ன டப்பாவை நீட்டினார்கள். "எங்கே எடுக்கிறது?" "பாத்ரூம் அந்தப் பக்கம்." தாழ்ப்பாள் இல்லாத பாத்ரூம். நான் வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆண்கள் ஏன் வருவதில்லை என்று ஆராய்ச்சி செய்ய நிதி ஒதுக்குவதாக இருந்தால், முதலில் அந்தத் தாழ்ப்பாளுக்கு ஒதுக்குங்கள்.

இதற்கு நேர்மாறான கதையும் என் கடைக்கு வருகிறது. ஒரு பெண், மூன்று பிள்ளைகள், கணவர் துபாயில். இவளே ஆபரேஷன் வேண்டும் என்று போனால் நர்சிங் ஹோமில் கணவர் சம்மதக் கடிதம் கேட்டிருக்கிறார்கள். அவர் அங்கே வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்ப, பிரிண்ட் போட வந்தாள். ஒரிஜினல்தான் வேண்டும் என்று மறுநாள் திரும்பி வந்தாள். ஆபரேஷனுக்குத் துணையின் கையெழுத்து தேவையில்லை, செய்துகொள்பவரின் சம்மதம் மட்டும் போதும் என்பது மத்திய அரசின் வழிகாட்டுதல். அதை அவளுக்குப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை. கேட்காதவளிடம் ஆபரேஷன் மேசையில் காகிதம் நீட்டுகிறீர்கள், கேட்டு வருபவளை அனுமதி வாங்கி வா என்கிறீர்கள்.

பெரியவர்கள் பேச்சும் மாறிக்கொண்டே இருக்கிறது. 'நாம் இருவர் நமக்கு இருவர்' என்று சுவரெல்லாம் சிவப்பு முக்கோணம் வரைந்த மாநிலம் இது. 2024 அக்டோபரில் திருவான்மியூர் திருமண விழாவில், மக்கள்தொகை குறைந்ததால் நாடாளுமன்றத் தொகுதி குறையும் நிலை வந்தால் பதினாறு பிள்ளை பெற்றால் என்ன என்று நினைக்கத் தோன்றுகிறது என அப்போது முதலமைச்சராக இருந்த மு.க.ஸ்டாலின் பாதி வேடிக்கையாகப் பேசினார். நாட்டுக்காக அல்ல, பெண்ணின் சுதந்திரத்துக்காகக் கர்ப்பத்தடை வேண்டும் என்று பெரியார் அந்தக் காலத்திலேயே சொல்லிவிட்டார். தொகுதியும் மக்கள்தொகையும் உங்கள் கவலை, நான் தலையிடவில்லை.

இன்னொன்று. இது நிரந்தரம் என்பதை அழுத்திச் சொல்லுங்கள். "வேணும்னா திரும்ப சேர்த்துக்கலாம்" என்று சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். 2004 சுனாமியில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்களுக்கு, குழாயை மறுபடி இணைக்கும் ஆபரேஷனை அரசே இலவசமாகச் செய்துதந்தது. அதில் எல்லோருக்கும் மறுபடி கரு தங்கிவிடவில்லை. இதை ஏழாம் மாதத்திலேயே கேட்டால்தான் ஒருவர் யோசிப்பார். பச்சைத் துணிக்கு இந்தப் பக்கம் படுத்துக்கொண்டு யாரும் யோசிக்க முடியாது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. கர்ப்பிணி அட்டையில் எடை, ரத்த அழுத்தம், இரும்புச் சத்து மாத்திரை என்று எவ்வளவோ கட்டம் இருக்கிறது. ஒரு கட்டம் கூடுதலாகப் போடுங்கள்: 'கணவரிடம் பேசப்பட்ட தேதி'. கட்டம் இருந்தால் நிரப்பியாக வேண்டும். அது எனக்கு நன்றாகத் தெரியும், என் பிழைப்பே அதுதான். நவம்பர் 21-லிருந்து டிசம்பர் 4 வரை ஆண்களுக்கான இருவார விழா நடத்துகிறீர்கள். அந்தப் பேனரை ஆஸ்பத்திரி வாசலில் கட்டுவதைவிடக் கோயம்பேட்டில் லோடு இறக்கும் இடத்தில் கட்டுங்கள்.

கடைசியாக ஒரு நிகழ்ச்சி. இரண்டு பெண் பிள்ளைகள் என்பதால் பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டத்துக்கு எழுதிப் போட்டோம். ஆளுக்கு 25,000 ரூபாய் டெபாசிட். பெற்றோரில் ஒருவர் ஆபரேஷன் செய்திருக்க வேண்டும் என்பது விதி. ஒருவர் என்றுதான் இருக்கிறது, நான் எழுத்தெண்ணிப் படித்துவிட்டுத்தான் போனேன். அலுவலகத்தில் சுவரில் ஒட்டியிருந்த பட்டியலில் ஆறாவது வரி: 'தாயாரின் கருத்தடைச் சான்று'. என்னுடைய தாளைப் புரட்டிவிட்டு அந்த அம்மா, "உங்க சர்டிபிகேட் எங்கே?" என்றார். "அவருடையது இருக்கு" என்று நீட்டினேன். வாங்கிப் பார்த்தார், முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார், உள்ளே போய் யாரிடமோ கேட்டுவிட்டு வந்தார். பிறகு மேசையிலிருந்து பால்பாயின்ட் பேனாவை எடுத்துக்கொண்டு எழுந்து போய், சுவரில் இருந்த அந்த ஆறாவது வரியில் 'தாயாரின்' என்பதை அடித்துவிட்டு, மேலே சின்ன எழுத்தில் 'தாய் / தந்தை' என்று எழுதினார்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பெரம்பூர் ஜெராக்ஸ் கடைக்காரி