ராஜமலைக்குப் போகும் முன்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை இம்மாதக் கடைசி வெள்ளிக்கிழமை இரவிகுளம் தேசியப் பூங்காவுக்கு, நாம் ராஜமலை என்று சொல்லும் இடத்துக்கு, கூட்டிப் போகிறோம். பிப்ரவரியில் வரையாடுகள் குட்டி போடத் தொடங்கினால் பார்வையாளர்களை உள்ளே விடமாட்டார்கள். அதனால்தான் இந்த அவசரம்.

போன பெற்றோர் கூட்டத்தில் ஓர் அம்மா எழுந்து கேட்டார்: "ஆட்டுக்கு அத்தனை பெரிய மலை இருக்கு. முப்பது வருசம் கொழுந்து கிள்ளின எனக்கு ஒரு சென்ட் இடம் இல்லையே சார்?" அன்று எனக்குப் பதில் வரவில்லை. அந்த மலை பூங்காவான கதையைத் தெரிந்துகொண்டுதான் பிள்ளைகள் அங்கே போக வேண்டும் என்று தோன்றியது. கடிதம் நீண்டதற்கு அதுவே காரணம்.

1877இல் ஜான் டேனியல் மன்றோ என்ற வெள்ளைக்காரர் பூஞ்சார் அரச குடும்பத்திடமிருந்து மூணாற்றைச் சுற்றியுள்ள கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு எடுத்தார். பின்னால் காட்டைத் திருத்தித் தேயிலை வைத்தவர்கள் நம் பாட்டன் பாட்டிமார். இரவிகுளத்தின் உயரமான புல்வெளி மட்டும் தப்பியது. அங்கே விழும் உறைபனியில் தேயிலை கருகிவிடும். தோட்டத்துத் துரைமார் அதை வேட்டைக்கென்று ஒதுக்கி, சங்கம் அமைத்து, கட்டுப்பாட்டோடு சுட்டார்கள். காவலுக்கு இந்த மலையின் பழங்குடிகளான முதுவர்களை வைத்தார்கள். எந்தச் சரிவில் ஆடு மேயும், எந்த மாதம் புல்லுக்குத் தீ வைத்தால் சோலையில் பற்றாது என்பதெல்லாம் முதுவர்களுக்குக் கைவந்த விஷயம். துரைமார் பெயரைச் சொல்கிற அளவுக்கு இவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கு அது பெரிய வருத்தம். லக்கம் குடியிலிருந்து வரும் பிள்ளைகளின் தாத்தாமார் யாரேனும் அந்நாளில் காவலுக்குப் போயிருந்தால், ஒரு நாள் வகுப்புக்கு வந்து பேச வேண்டுகிறேன்.

1971இல் கேரள அரசு சட்டம் போட்டு, சாகுபடியில் இல்லாத நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. விவசாயத்துக்குப் பிரித்துக் கொடுப்பதே அந்தச் சட்டத்தின் நோக்கம். அந்த அம்மாவின் கேள்விக்கு வேர் இங்கேதான் இருக்கிறது. வேலை ஓய்ந்ததும் லயத்தை, அதாவது தோட்டம் தந்த வரிசை வீட்டை, காலி செய்ய வேண்டிய குடும்பத்துக்குச் சொந்தமாக இடம் வேண்டும். இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் இரவிகுளத்தைக் கூறு போட்டிருந்தால் உறைபனியில் பயிரும் நின்றிருக்காது, ஆடும் மிஞ்சியிருக்காது. 1975இல் அதைச் சரணாலயமாக அறிவித்தார்கள். 1978இல் தேசியப் பூங்கா ஆனது, கேரளத்தில் முதலாவது. பரப்பு 97 சதுர கிலோமீட்டர். சங்கப் பாட்டில் 'வருடை' என்று வரும் நம் வரையாடு, இவ்வளவு எண்ணிக்கையில் வேறெங்கும் இல்லை. அந்தப் புல்லும் சோலையும் பிடித்து வைக்கும் மழைதான் லக்கம் அருவியாக விழுந்து, பாம்பாற்றில் சேர்ந்து, அமராவதி அணைக்குப் போகிறது. உடுமலைப் பக்கம் சொந்தக்காரர்கள் உள்ளவர்களுக்கு அந்தத் தண்ணீரின் அருமை தெரியும்.

போன வருடம் மூடுபனி விலகியதும் ஒரு தாயாடு பாறை விளிம்பில் நின்றது. குட்டி அதன் வயிற்றோடு ஒட்டி நின்று எங்களையே பார்த்தது. நம் பையன் ஒருவன் பிஸ்கட்டை நீட்டினான். காவலர் அதட்டவில்லை; அவன் மணிக்கட்டை மெல்லப் பிடித்து, "புல்லு தின்னுற வயிறு தம்பி" என்றார். இந்த முறை பிள்ளைகள் பையில் பிஸ்கட், பிளாஸ்டிக் கவர் எதுவும் வேண்டாம். மதியச் சாப்பாட்டைத் தூக்குவாளியில் கொடுத்துவிடுங்கள். பள்ளிக்குத் திரும்பி வந்து சாப்பிடுவோம்.

ஸ்வெட்டரும் குல்லாவும் அவசியம். காலை ஏழரைக்குள் பள்ளியில் இருக்க வேண்டும். மஸ்டருக்கு (காலை வேலைப் பதிவுக்கு) போகும் வழியில் விட்டுவிட்டுப் போனாலும் சரி, நான் ஆறரைக்கே வந்துவிடுவேன். பஸ், நுழைவுக் கட்டணம் கட்ட முடியாதவர்கள் என்னிடம் மட்டும் சொன்னால் போதும். பணத்துக்காக ஒரு பிள்ளையும் நின்றுவிடக் கூடாது. சம்மதச் சீட்டில் கையெழுத்திட்டு புதன்கிழமைக்குள் அனுப்புங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்