அண்ணா, பி.எட். ஃபார்ம நான் போடல

அண்ணா,

ஐஐடியில எம்.எஸ்சி. சேர்றதுக்கு எழுதற ஜாம் எக்ஸாமுக்கு அப்ளிகேஷன் போட்டுட்டேன். பிசிக்ஸ் பேப்பர். நீ வாங்கிட்டு வந்த பி.எட். ஃபார்ம் அலமாரியில அப்படியே இருக்கு, கடைசி தேதியும் போயிடுச்சு. சொல்லாம பண்ணதுக்கு மன்னிச்சுக்கோ, ஆனா சொல்லியிருந்தா நீ "ம்"னு மட்டும் சொல்லிட்டு வண்டிய எடுத்துட்டுப் போயிருப்ப, அந்த "ம்"முக்கு அப்புறம் என்னால எதையும் பண்ண முடியாது. அண்ணி இத உனக்குப் படிச்சுக் காட்டுவாங்க, பெரியப்பா வீட்லயும் படிப்பாங்க, அதனால சில விஷயத்த நான் தொடல. போன மாசம் வீட்டுக்கு வந்துட்டுப் போனவங்க நல்லவங்க. அவ்வளவுதான் இங்க சொல்ல முடியும்.

நீ சொல்றதுல நியாயம் இருக்கு. பி.எட். ரெண்டு வருஷம், டீச்சர் வேலைன்னா ஊர்ல யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க. ஆனா முடிச்ச உடனே வேலை குடுக்கறாங்களா? 2013-ல டெட், அதான் டீச்சர் தகுதித் தேர்வு, பாஸ் பண்ணவங்கள்ல எத்தனையோ பேர் போஸ்டிங் கேட்டு வருஷக்கணக்கா போராடினாங்க, நியூஸ்ல பாத்துட்டு நீயே பாவம்னு சொன்ன. ஜாம் மட்டும் சுலபமான்னு கேப்ப. இல்ல. கேள்வி முழுக்க இங்கிலீஷ்ல, மூணு மணி நேரம், 60 கேள்வி, 100 மார்க், முதல் செக்ஷன்ல தப்பா போட்டா அந்தக் கேள்வியோட மார்க்குல மூணுல ஒரு பங்கு போயிடும், எல்லா ஐஐடியும் எல்லாப் பாடமும் சேர்த்தே சுமார் 3000 சீட்டுதான், வாங்கற மார்க் அந்த வருஷ அட்மிஷனோட முடிஞ்சுடும். எல்லாம் தெரிஞ்சுதான் போட்டேன். பொண்ணுங்களுக்கு ஃபீஸ் பாதி, அத என் கடைச் சம்பளத்துல கட்டினேன். உன்கிட்ட வாங்கக்கூடாதுன்னு இருந்தேன்.

முத்தோரை பாலாடா ஞாபகம் இருக்கா? நான் ஃபர்ஸ்ட் இயர். நீ கேரட் கழுவற மெஷின்ல லோடிங் போயிட்டிருந்த, நான் சோறு கொண்டாந்தேன், கரண்ட் போய் மெஷின் நின்னுபோச்சு, சேறோட மூட்டைங்க வரிசையா கிடக்க, மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போக வேண்டிய லாரிக்காரர் கத்திட்டிருந்தாரு. நீ கண்டுக்கல. சாப்பிட்டுட்டு ரெண்டு பேரும் மேட்டுல ஏறினோம். எதிர்ல வானத்துல இருந்து வர்ற ரேடியோ அலைய வாங்கற அந்த ரேடியோ டெலஸ்கோப். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 1970-ல இருந்து அங்கதான் இருக்கு, நீ தெனமும் அதப் பாத்துட்டேதான் மூட்டை தூக்கின. "அது ஏன் கண்ணு சரிவுல கட்டியிருக்காங்க, சமமான எடம் கெடைக்கலயா?"ன்னு கேட்ட. எங்க கிளாஸ்ல யாருமே கேக்காத கேள்வி அது. கோவிந்த் ஸ்வரூப்னு ஒரு விஞ்ஞானி, அவரும் அவரோட ஆளுங்களும் இந்த மாதிரி சரிவத் தேடித்தான் கட்டினாங்கன்னு சொன்னேன். ஊட்டி பூமத்திய ரேகைக்கு 11 டிகிரி வடக்க இருக்கு, அந்த மலையும் அதே 11 டிகிரி சாய்வு, அதனால டெலஸ்கோப்போட நீள அச்சு பூமி சுத்தற அச்சுக்கு இணையா அமைஞ்சுடுது, கீல்ல மாட்டின கதவு மாதிரி ஒரே பக்கமா திருப்பிட்டே போனா போதும், வானத்துல நகர்றத மணிக்கணக்கா விடாம தொடர்ந்து பாக்கலாம். நீ கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "அப்ப மலைய வெட்டாம மலையோட சாய்வையே வேலைக்கு வச்சுக்கிட்டாங்க, அப்படித்தான?"ன்ன.

அப்படித்தான் அண்ணா. அத்தனை சுருக்கமா எனக்குச் சொல்ல வராது. நிலா குறுக்க வந்து மறைக்கறப்ப ரேடியோ சிக்னல் எப்படிக் குறையுதுன்னு பாத்தே வானத்துல எங்கயோ இருக்கற ஒண்ணோட அளவ கணக்குப் போட்டாங்கன்னு சொன்னதும் நீ வாயப் பொளந்து கேட்ட. "நான் மட்டும் படிச்சிருந்தா"ன்னு ஆரம்பிச்ச, கரண்ட் வந்துடுச்சு, இறங்கி ஓடின. மீதிய நீ சொல்லவே இல்ல.

சொல்லியிருக்கலாம். அதுக்குப் பதிலா கல்யாண வீடு, காதுகுத்துன்னு போற எடமெல்லாம் "இவளுக்காகத்தான் நான் படிப்ப விட்டேன்"ங்கற. அப்பா போனப்ப நான் ஆறாவது படிச்சேன். என்னைக் கேட்டுட்டா நீ படிப்ப நிறுத்தின? உன் படிப்பு நின்னதுக்குக் கணக்கு என் பேர்ல எழுதி வச்சா நான் எதத் தொட்டாலும் அது கடனாத்தான் இருக்கும். இத எழுதறப்பவே கை கூசுது, உன் தோள்ல இருக்கற காய்ப்பு எனக்குத் தெரியாததில்ல, காலேஜ் பஸ் காச நீ எங்கிருந்து எடுத்தேன்னும் தெரியும். ஆனாலும் அன்னைக்கு அந்தக் கேள்விய கேட்ட ஆளு, இன்னைக்கு என்னைப் பாத்து "பிசிக்ஸ் படிச்சு என்ன பண்ணப் போற"ன்னு கேட்டா எனக்குக் கோவம் வருது. மத்தவங்க கேட்டா வரல.

கெடைக்கலன்னா என்னன்னு கேப்ப. அடுத்த வருஷம் பி.எட். போடறேன், அப்ப ஒரு வார்த்தை பேச மாட்டேன். கெடைச்சா எங்கயோ தூரமா போகணும், அம்மாவ நீங்கதான் பாத்துக்கணும், அது எனக்கும் பயமாத்தான் இருக்கு.

எக்ஸாம் பிப்ரவரியில. சென்டருக்கு முதல் சாய்ஸா கோயம்புத்தூர் குடுத்திருக்கேன், முந்தின நாளே கீழ இறங்கிடணும். அன்னைக்கு உனக்கு மண்டிக்கு லோடு இருந்தா மேட்டுப்பாளையம் வரைக்கும் உன் வண்டியில வர்றேன். இல்லன்னா பஸ்ல போயிக்கறேன். பொங்கலுக்குள்ள சொல்லிடு.