இதய நோயாளியின் காதுக்கு ஒரு பாட்டை அனுமதியுங்கள்

தமிழகத்து மருத்துவமனைகளில் இதய தீவிர சிகிச்சைப் பிரிவுகளை நடத்தும் மருத்துவர்களுக்கும் செவிலியர் கண்காணிப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைக்கப்பட்ட என் தந்தை, நான்கு நாள்கள் சி.சி.யு. எனப்படும் இதய தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். அவரைப் பிழைக்க வைத்தவர்களுக்கு எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டிருக்கிறது. உள்ளே கொண்டுபோகும்போதே அவருடைய கைப்பேசியை எங்களிடம் கொடுத்துவிட்டார்கள். மாலையில் ஐந்து நிமிடம் பார்க்க அனுமதித்தபோது, அவர் கண் மானிட்டரை விட்டு அகலவில்லை. பக்கத்துப் படுக்கையில் அலாரம் அடித்தபோதும், விரலில் மாட்டிய கிளிப்போடு கையைத் தூக்கி, "எனக்கா?" என்று கேட்டார். விடிந்ததும் நாகசுரம் கேட்காமல் காபியைத் தொடாத மனிதர் அவர்.

மூன்றாம் நாள் இரவுப் பணியில் இருந்த சிஸ்டர் ஒருவர், டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, எங்களிடமிருந்து கைப்பேசியை வாங்கி, இயர்போனை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து அவருடைய ஒரு காதில் மட்டும் மாட்டிவிட்டார். "தோடி ராகம் முடியறதுக்குள்ள தூங்கிட்டேம்மா" என்று மறுநாள் அப்பா சொன்னார். சேர்த்ததிலிருந்து அவர் உறங்கிய முதல் இரவு அது.

ஒருவருடைய ஓர் இரவை வைத்து விதிகளை மாற்றச் சொல்வதற்கில்லை என்பதை அறிவேன். ஆனால், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2013-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, 26 ஆய்வுகளில் பங்கேற்ற 1369 இதய நோயாளிகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்து, இசை கேட்பது பதற்றத்தைக் குறைக்கக்கூடும் என்றும், குறிப்பாக மாரடைப்பு வந்தவர்களிடம் அது தெரிகிறது என்றும், கேட்க வேண்டியதை நோயாளியே தேர்ந்தெடுக்கும்போது பலன் கூடுகிறது என்றும் சொல்கிறது. இதயத் துடிப்பு, மூச்சின் வேகம், மேல் ரத்த அழுத்தம் ஆகியவையும் ஓரளவு குறைந்தன. ஆய்வுகள் பலவற்றின் தரம் உறுதியானதல்ல என்று அதை எழுதியவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். அந்தக் குறைவும் பெரிய அளவில் இல்லை. என்றாலும், பயம் அட்ரினலினைக் கூட்டி, துடிப்பை விரைவாக்கி, ஏற்கெனவே ரத்தம் போதாமல் தவித்த தசையிடம் மேலும் வேலை வாங்கும் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். செலவில்லாமல் சிறிதளவு குறைந்தாலும் அது லாபம்தானே?

இந்த ராகம் இந்த நோயைத் தீர்க்கும் என்ற பேச்சை நான் நம்புவதில்லை. அதை வேண்டி இம்மடலை எழுதவும் இல்லை. வார்டு முழுக்க ஸ்பீக்கரில் பக்திப் பாடல் போடுவதையும் கேட்கவில்லை. ஒருவருக்கு ஆறுதலான பாட்டு அடுத்த படுக்கைக்காரருக்கு இரைச்சல். இத்தாலியின் பாவியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூசியானோ பெர்னார்டி குழுவினர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், விரைவான தாளம் மூச்சையும் துடிப்பையும் கூட்டியது. இடையே விட்ட இரண்டு நிமிட மௌனம் அவற்றைத் தணித்தது. எனவே பாட்டு வேண்டாம் என்பவருக்கு அமைதியையே கொடுங்கள்.

நான் கேட்பது இவ்வளவே. நிலை சீரான நோயாளிக்கு, மருத்துவர் சம்மதித்தால், அவருடைய பாட்டுகள் மட்டும் ஏற்றிய சிறு கருவியையோ, அழைப்பு வராதபடி வைத்த கைப்பேசியையோ உள்ளே அனுமதியுங்கள். செவிலியர் கூப்பிட்டால் கேட்கும்படி ஒரு காதில், குறைந்த ஒலியில், அரைமணி நேரம் போதும். சேர்க்கைப் படிவத்தில் மருந்து ஒவ்வாமையைக் கேட்கும் வரிக்குக் கீழே, "என்ன பாட்டு கேட்பீர்கள்?" என்று இன்னொரு வரியையும் சேருங்கள். பேச முடியாதவருக்காக அந்த வரியை வெளியே காத்திருக்கும் நாங்கள் நிரப்பித் தருகிறோம்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் மகள்