பால்வெட்டும் பாடம்தான்

ஆசிரியர் அவர்களுக்கு,

உயிரியல் தேர்வில் ‘செல்லின் ஆற்றல் நிலையம் எது?’ என்று கேட்டால் பிள்ளைகள் யோசிக்காமலே மைட்டோகாண்ட்ரியா என்று எழுதிவிடுகிறார்கள். சரி, அது என்ன வேலை செய்கிறது என்றால் முழிக்கிறார்கள். குற்றம் கேள்வித்தாளில்தான்.

குமரி மாவட்டத்தில் கேள்விக்கா பஞ்சம்? ரப்பர் பால்வெட்டுகிறவர் கத்தியைத் தடிவரை இறக்காமல் பட்டையை மட்டும் சீவுவது ஏன்? பால் இருப்பது பட்டைக் குழாய்களில். அதற்கு உள்ளே, பட்டைக்கும் தடிக்கும் நடுவே மெல்லிய கேம்பியம் அடுக்கு. புதுப் பட்டையை வளர்ப்பதே அதுதான். அதில் கத்தி பட்டால் அந்த இடம் முண்டும் முடிச்சுமாகிவிடும், மறுவெட்டுக்கு உதவாது. திசுவியல் பாடம் முழுக்க இதற்குள் அடங்கிவிடுகிறது.

மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்க்கிறோமே, அது ஏன் சிவப்பு? 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற நம் மட்டி வாழையை விதையில்லாமல், கன்று வைத்தே வளர்க்கிறோமே, அது எவ்வகை இனப்பெருக்கம்? ஒரு மதிப்பெண்ணுக்கு இப்படியும் கேட்கலாம். நோட்ஸில் விடை கிடைக்காது என்பதுதான் சிக்கலோ என்னவோ!

காலாண்டுத் தேர்விலாவது இப்படி ஐந்து கேள்விகள் சேர்க்க மாவட்டக் கல்வித்துறை முன்வர வேண்டும்.

- ஒரு வாசகர், குலசேகரம்