கைத்தொலைபேசி களவுபோனால் முதலில் நிறுத்த வேண்டியது சிம் அட்டையை

ஆசிரியர் அவர்கட்கு,

ஐயா,

வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கு வரும் பேருந்துகள் முறிகண்டிப் பிள்ளையாரடியில் தரித்துச் செல்வது வழமை. சில மாதங்களுக்கு முன் அங்கு இறங்கிக் கற்பூரம் கொளுத்தி, கச்சான் சரை ஒன்றும் வாங்கிக்கொண்டு மீண்டும் ஏறிய நெரிசலில் என் சட்டைப்பையிலிருந்த கைத்தொலைபேசி களவுபோய்விட்டது. பக்கத்து இருக்கையிலிருந்தவர் இரக்கப்பட்டுத் தன் தொலைபேசியிலிருந்து என் இலக்கத்துக்கு அழைத்தார். மூன்று முறை மணி அடித்தது. நான்காம் முறை தொலைபேசி அணைக்கப்பட்டிருந்தது. பழைய தொலைபேசிதானே, கோலமிட்டுத் திறக்கும் பூட்டும் போட்டிருக்கிறேனே என்று எண்ணி, மறுநாள் காலை பொலிஸுக்குப் போகலாம் என வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன். அந்தப் பூட்டை நம்பியதுதான் நான் செய்த பிழை.

திரைப்பூட்டு தொலைபேசிக்குரியதே தவிர சிம் அட்டைக்குரியதன்று. எடுத்தவர் சிம் அட்டையைக் கழற்றி வேறொரு தொலைபேசியில் போட்ட கணத்திலிருந்து எனக்கு வரும் அழைப்புகளும் குறுஞ்செய்திகளும், வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவு எண் உட்பட, அவருக்கே போய்ச் சேர்ந்தன. வட்ஸ்அப் அனுப்பும் ஆறிலக்கக் குறியீட்டையும் அவ்வாறே பெற்று, அன்றிரவே சுவிஸிலுள்ள என் மருமகனுக்கு 'தம்பி, அவசரமாகக் காசு தேவை' என்று என் பெயரில் எழுதியிருக்கிறார். நான் என் மருமகனை வீட்டுப் பெயர் சொல்லியே அழைப்பவன். ஒருநாளும் தம்பி என்றதில்லை. அந்த ஒரு சொல்லில் ஐயங்கொண்டு அவர் என் மகளுக்கு அழைத்து விசாரித்ததனால் பணம் தப்பியது. வெளிநாட்டு உறவுகளின் உதவியில் சீவிக்கும் குடும்பங்கள் நிறைந்த வன்னியில், எல்லா மருமக்களும் அவ்வளவு நிதானமாக இருப்பார்கள் என்று சொல்ல முடியாது.

ஆகவே, தொலைபேசி களவுபோனதை அறிந்ததும் அதற்கு அழைத்து அழைத்துப் பார்ப்பதில் நேரத்தைப் போக்காமல், அருகிலிருப்பவரின் தொலைபேசியை வாங்கிச் சேவை நிலையத்துக்கு அழைத்து (டயலொக் 1777, மொபிட்டல் 1717, ஹட்ச் 1788) சிம் அட்டையை நிறுத்தச் சொல்லுங்கள். அடுத்து வங்கிக்கு அழையுங்கள். ஈஸி காஷ், எம் காஷ் போன்ற கைத்தொலைபேசிப் பணச் சேவைகளில் பணம் வைத்திருப்போர் அதையும் சொல்லி முடக்க வேண்டும். அதே இலக்கத்தில் புதிய சிம் கிடைத்தவுடன் அதனைக் கொண்டு வட்ஸ்அப்பில் மீண்டும் பதிந்தால், திருடியவர் தானாகவே வெளியேற்றப்படுவார். அவர் இரகசிய எண் ஏதும் இட்டு வைத்திருந்தால் கணக்கை நாம் பயன்படுத்த ஏழு நாட்கள் காத்திருக்க நேரிடலாம். ஆயினும் ஆறிலக்கக் குறியீட்டை நாம் இட்டதுமே அவரது கையிலிருந்து அது போய்விடும்.

அன்ட்ரொயிட் தொலைபேசியாயின், வேறொரு தொலைபேசியிலிருந்து உங்கள் கூகுள் கணக்கினுள் நுழைந்து, அது இருக்குமிடத்தைப் பார்க்கவும் பூட்டவும் உள்ளிருப்பவற்றை அழிக்கவும் முடியும். அழித்துவிட்டால் பின்னர் இடத்தைக் காண முடியாதென்பதால் அதனைக் கடைசியாகச் செய்வதே நன்று. இடம் தெரிகிறது என்று இளைஞர்கள் மோட்டார் சைக்கிளில் கிளம்பிப் போவது வீண் வம்பு. அந்தத் தகவலைப் பொலிஸாரிடம் கொடுப்பதே முறை.

பொலிஸ் நிலையத்தில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அலைச்சலுக்கு அஞ்சி, களவுபோன தொலைபேசியைத் 'தவறவிட்டேன்' என்று சொல்லி எழுதுவிப்போர் பலர். எழுதப்பட்டது தவறவிட்டதாக இருக்கும்போது களவு விசாரணை எங்கிருந்து தொடங்கும்? நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும். 1988ஆம் ஆண்டின் 16ஆவது திருத்தத்தின்படி வடக்கு, கிழக்கில் தமிழ் நிருவாக மொழியாகும்; ஆதலால் முறைப்பாட்டைத் தமிழில் பதியுமாறு கேட்கத் தயங்க வேண்டியதில்லை. வாசித்துப் பார்த்த பின்னரே கையொப்பமிடுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பொலிஸ் திணைக்களத்தின் 'ஐ-நீட்' இணையத்தளம் வழியாகவும் காணாமற்போன தொலைபேசி பற்றி அறிவிக்க வழியுண்டு.

எங்கே முறையிட்டாலும் கேட்கப்படுவது ஐ.எம்.இ.ஐ. எனப்படும் பதினைந்து இலக்க எண். வேறு சிம் போட்டு அந்தத் தொலைபேசியை இயக்கினாலும் அதனை அடையாளம் காண உதவுவது அதுதான். தொலைபேசி வந்த பெட்டியில் அது அச்சிடப்பட்டிருக்கும். நம்மவர்களோ பெட்டியைப் பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுத்துவிடுவார்கள். தொலைபேசி கையிலிருக்கும்போதே *#06# என்று அழுத்தினால் திரையில் தோன்றும். அதனை வீட்டுக் கொப்பியொன்றில் எழுதி வைத்தால் போதும். அப்படியே தொலைபேசி அமைப்புகளில் சிம் பூட்டையும் இட்டு வையுங்கள். அந்த நாலிலக்க எண்ணை மூன்று முறை பிழையாக இட்டவுடன் சிம் முடங்கிவிடும் என்பதால் அதனை மறக்காமலும் இருக்க வேண்டும்.

இனி, நான் இக்கடிதத்தை எழுத நேர்ந்த காரணத்துக்கு வருகிறேன். மறுநாள் புதிய சிம் பெறச் சென்றபோது, அந்த இலக்கம் என் பெயரில் இல்லை என்றார்கள். போரில் இடம்பெயர்ந்து, 2010இல் செட்டிக்குளம் முகாமிலிருந்து மீண்டு வந்தபோது என்னிடம் அடையாள அட்டை இருக்கவில்லை. உறவினர் ஒருவர் தன் அட்டையைக் கொடுத்து எனக்கு வாங்கித் தந்த சிம் அது. அவர் இப்போது பிரான்சில் இருக்கிறார். உரிமையாளர் வர வேண்டும் என்று அங்கிருந்தவர் சொன்னதில் பிழையில்லை. கேட்பவருக்கெல்லாம் சிம் கொடுத்தால் அது இன்னொரு களவுக்கு வழியாகிவிடும். ஆயினும் அவ்விலக்கம் மீண்டும் என் கைக்கு வர மூன்று வாரங்கள் சென்றன. கிராம அலுவலராக எத்தனையோ பேருக்கு அடையாள அட்டை விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்த நான், என் சிம் யார் பெயரில் உள்ளதென்று ஒருநாளும் பார்க்கவில்லை.

மீள்குடியேற்ற காலத்தில் அண்ணனின் பெயரில், அயலவரின் பெயரில், கொமினிகேசன் கடைக்காரர் கையிலிருந்த யாரோ ஒருவரின் அட்டைப் பிரதியில் பெற்ற சிம்களை இன்றும் பாவிப்போர் இங்கு பலர். அவர்களிற் சிலர் காணாமற்போன கணவனையும் மகனையும் தேடும் தாய்மார். பதினைந்து ஆண்டுகளாக அதே இலக்கத்தை வைத்திருப்பதற்கு அவர்களுக்கு வேறு காரணமும் உண்டு.

துணுக்காயிலிருந்தோ கொக்கிளாயிலிருந்தோ ஒருவர் இதற்காக நகரத்துக்கு வருவதென்றால் ஒருநாட் கூலியையும் பேருந்துச் செலவையும் இழக்க வேண்டும். பிரதேச செயலகங்கள் பிறப்புச் சான்றிதழுக்கும் அடையாள அட்டைக்கும் நடத்தும் நடமாடும் சேவைகளுக்குத் தொலைபேசிச் சேவை நிறுவனங்களின் அலுவலர்களையும் அழைத்து, சிம் பதிவை உண்மையான பாவனையாளரின் பெயருக்கு மாற்றிக்கொடுக்க ஏற்பாடு செய்யுமாறு மாவட்டச் செயலாளர்களையும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவையும் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். சனம் நெரிசலாகத் திரளும் வற்றாப்பளைப் பொங்கலுக்கும் மடுத் திருவிழாவுக்கும் முன்பாக இதனைச் செய்தால் பயன் மிகும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற கிராம அலுவலர்,
கிளிநொச்சி.