மார்ஜின் தெரியாத அளவை அனுப்பிவிட்டு பிரிட்ஜ் கேட்கும் டாக்டர்களுக்கு

மதிப்பிற்குரிய பல் டாக்டர்களுக்கு,

வணக்கம். கீழ்த்தாடையில் 46ஆம் பல் (வலப்பக்க முதல் கடைவாய்ப் பல்) இல்லாத ஒருவருக்காக, அதன் இரு பக்கமும் உள்ள 45-ஐயும் 47-ஐயும் பிடிமானமாக வைத்துச் செய்த மூன்று யூனிட் பிரிட்ஜ் (மூன்று பல் சேர்ந்த கட்டுப்பல்) ஒன்று போன வாரம் லேப்புக்கு மறுபடியும் திரும்பி வந்தது. கூடவே ஒரு சீட்டு: "ஃபிட் இல்லை. லேப் எரர். ரீமேக் ஃப்ரீ." பேஷண்டின் பல்லை அச்சாகப் பதித்த புது அளவு வரவில்லை. பழைய அளவில் வார்த்த மாடலிலேயே செய்யச் சொல்லியிருந்தார்கள். எந்த கிளினிக் என்பது இங்கே வேண்டாம். தமிழ்நாட்டில் எந்த ஊர் லேப்பிலும் மேசை இழுப்பறையைத் திறந்தால் இந்த மாதிரிச் சீட்டு நாலைந்து கிடைக்கும்.

வார்ப்பில் குமிழி விழுந்தாலும், சூளையிலிருந்து எடுக்கும்போதே செராமிக்கில் கீறல் விட்டிருந்தாலும் அது லேப்பின் பாடு. பைசா கேட்காமல் மறுபடி செய்து தருகிறோம். ஆனால் அளவிலேயே இல்லாத மார்ஜினை, அதாவது பல்லைக் கடைந்து நிறுத்திய எல்லைக் கோட்டை, மாடலில் எங்கிருந்து கொண்டுவருவது? நாங்கள் கேட்பது ஒன்றுதான்: கடைந்த பல்லின் மார்ஜின் சுற்றிலும் முழுதாகத் தெரியும்படி அளவு எடுத்து அனுப்புங்கள். தெரியவில்லை என்று லேப்பிலிருந்து சொன்னால், மறு அளவு எடுங்கள்.

மேலே சொன்ன 47-ஐயே எடுத்துக்கொள்வோம். அளவில் டை ஸ்டோன் என்ற கெட்டி ஜிப்சம் ஊற்றி, மாடலை அறுத்து, அந்தப் பல்லைத் தனி டையாக எடுத்து, லூப் (உருப்பெருக்கிக் கண்ணாடி) மாட்டிக்கொண்டு மார்ஜினுக்குக் கீழேயுள்ள ஈறுப் பகுதியைச் சுரண்டி விலக்குகிறோம். பிறகு நீங்கள் கடைந்து நிறுத்திய இடத்தில் சிவப்புப் பென்சிலால் கோடு போட வேண்டும். கன்னப் பக்கம் ஷாம்ஃபர் (வளைவாகக் கடைந்த ஓரம்) அழகாகத் தெரிகிறது. பின்பக்கமும் பரவாயில்லை. நாக்குப் பக்கம் திரும்பியதும் கோடு மங்குகிறது. முன்பக்க மூலையில், பான்டிக் (46-க்குப் பதிலான பொய்ப்பல்) வந்து சேர வேண்டிய அதே இடத்தில், ஈறும் பல்லும் ஒரே சரிவாக வழிந்து கிடக்கின்றன. நடுவில் ரத்தமோ எச்சிலோ தேங்கியதால் விழுந்த குழி. மூன்று மில்லிமீட்டர் தூரத்துக்குக் கோடே கிடையாது. அங்கே பென்சில் போன போக்குதான் மார்ஜின். அந்த ஊகத்தின் மேல்தான் மெழுகு, வார்ப்பு, ஒபேக் (உலோக நிறத்தை மறைக்கும் பூச்சு), 900 டிகிரிக்கு மேல் சுட்ட செராமிக், கிளேஸ் (மேல் பளபளப்பு) எல்லாம் ஏறுகின்றன.

ஊகம் அரை மில்லிமீட்டர் குட்டையாகப் போனால் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. கடைந்த பல் திறந்து கிடக்கும். அந்த இடைவெளியை சிமென்ட் அடைத்திருக்கும். எச்சிலில் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும், சோறும் சட்னியும் உள்ளே போகும். வேர் சிகிச்சை செய்த பல்லென்றால் வலியும் வராது. வாய் நாற்றம் என்று பேஷண்ட் வந்து, பிரிட்ஜைக் கழற்றிப் பார்க்கும்போது 47 சொத்தையில் கூழாகியிருக்கும். ஒரு பல்லைக் கட்டப் போய் இரண்டு பல் போயிற்று. ஊகம் நீளமாகப் போனால் மெட்டல் ஈறைக் குத்தும்; பல் தேய்க்கும்போதெல்லாம் ரத்தம். இரண்டுக்கும் பேஷண்ட் காதில் விழும் பெயர் "லேப் சரியில்லை".

இதற்கான மருந்து உங்கள் டிராயரிலேயே இருக்கிறது: ஈறைப் பல்லிலிருந்து விலக்கி வைக்கும் நூலான ரிட்ராக்ஷன் கார்டு. ஈறு ஆரோக்கியமாக இருக்கும் நாளில், அலுமினியம் குளோரைடில் நனைத்த கார்டை ஐந்து முதல் பத்து நிமிடம் வையுங்கள். மார்ஜின் ஈறுக்குள் ஆழமாகப் போயிருந்தால் இரட்டைக் கார்டு: அடியில் மெல்லியது அப்படியே இருக்கட்டும், மேலே உள்ள தடித்ததை மட்டும் லைட் பாடி (அளவு எடுக்கும் இளகிய சிலிக்கோன்) பாய்ச்சுவதற்குச் சற்று முன் எடுங்கள். காய்ந்த கார்டை இழுத்தால் ஈறு கிழிந்து ரத்தம் வரும், நனைத்துவிட்டு எடுங்கள். சிலிக்கோனுக்கு ஈரம் ஆகாது, ஈரம் நின்ற இடத்தில் குழிதான் விழும். புட்டியை (கெட்டியான சிலிக்கோனை) லேட்டக்ஸ் கையுறையோடு பிசைய வேண்டாம். அதிலுள்ள கந்தகம் புட்டியை இறுகவிடாது. ஈறு வீங்கி ரத்தம் கசிந்தால் அன்று அளவே வேண்டாம். கிளீனிங் செய்து, ஓரம் நன்றாகப் பொருந்திய தற்காலிக பிரிட்ஜைப் போட்டு, ஈறு ஆறியபின் எடுக்கலாம்.

பிரிட்ஜுக்கு ஆல்ஜினேட்டில் (தண்ணீரில் கலக்கும் அளவுப் பொடியில்) அளவு எடுத்து, ஈரப்பஞ்சில் பொதிந்து, டவுன் பஸ்ஸில் ஏற்றிவிடுகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஆல்ஜினேட்டில் கால் மணி நேரத்துக்குள் ஸ்டோன் ஊற்ற வேண்டும். தண்ணீர் இழந்தால் சுருங்கும். ஈரப்பஞ்சு அதிகம் நனைந்திருந்தால் உப்பும். சித்திரை வெயிலில் இரண்டு மணி நேரம் பயணம் செய்து வரும் அந்த அளவு எந்த வாய்க்கும் சொந்தமில்லை. எதிர்த்தாடைக்கு ஆல்ஜினேட் போதும், அதற்கும் கிளினிக்கிலேயே ஸ்டோன் ஊற்றி அனுப்புங்கள்.

இடம் பற்றாத பிரெப் (பல் கடைதல்) அடுத்தது. மெட்டல் செராமிக்குக்கு உலோகம் 0.3 முதல் 0.5 மில்லிமீட்டர், ஒபேக் 0.2 முதல் 0.3, அதன் மேல் செராமிக் குறைந்தது ஒரு மில்லிமீட்டர். கடிக்கும் முகட்டில் 2 மில்லிமீட்டர் கடையாமல் 1 மில்லிமீட்டரோடு நிறுத்திவிட்டு, "பைட் உயரமாக இருக்கிறது" என்று போன் செய்தால் நாங்கள் எதைக் குறைப்பது? கிளேஸ் ஆன பிரிட்ஜை நீங்கள் வாயிலேயே தேய்த்து, பாலிஷ் செய்யாமல் ஒட்டிவிட்டால், அந்தச் சொரசொரப்பு எதிர்ப் பல்லை அரைக்கும். 46 எடுத்துப் பல வருடம் ஆன வாயில் 47 முன்னால் சாய்ந்திருக்கும். அதையும் 45-ஐயும் ஒரே திசைக்குக் கடையாவிட்டால் பிரிட்ஜ் இறங்கவே இறங்காது. சாய்வு அதிகமென்றால் கம்பி போட்டு நிமிர்த்துவதா, பிளந்து பூட்டும் இணைப்பு வைப்பதா என்று முன்கூட்டியே பேசலாம். அளவு எடுத்தபின் பேசிப் பயனில்லை.

லேப் சீட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஷேடு (பல் நிறம்) என்ற இடத்தில் "வெள்ளை" என்று எழுதி வருகிறது. ஷேடு கைடில் A1 முதல் D4 வரை பதினாறு வெள்ளை இருக்கிறது, டாக்டர், எந்த வெள்ளை? பல்லைக் கடைவதற்கு முன், ஈரம் காயாமல், ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்து எழுதுங்கள். பைட் (கடிப் பதிவு) வராது, எதிர்த்தாடை அளவு வராது. "நாளைக் காலை ட்ரயல், மறுநாள் முகூர்த்தம்" மட்டும் தவறாமல் வரும். பக்கத்துத் தெரு லேப்பில் யூனிட்டுக்கு நூறு ரூபாய் குறைவு என்றும் வரும். அந்த நூறு ரூபாய் எங்கே குறைகிறது என்று யாரும் கேட்பதில்லை. பெரிலியம் கலந்த மலிவு நிக்கல் குரோம் கட்டியில் குறைகிறது. அதைத் தேய்க்கும் பையனின் நுரையீரலில் குறைகிறது. கழுவாமல், ரத்தம் உறைந்தபடி வரும் அளவுகளையும் அதே பையன்தான் பிரிக்கிறான். ஓடும் தண்ணீரில் அலசி, 0.5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டில் பத்து நிமிடம். இதைக் கல்லூரியில் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்துத்தான் அனுப்பியிருப்பார்கள். 1948ஆம் ஆண்டுப் பல் மருத்துவர்கள் சட்டமே டென்டல் மெக்கானிக்குகளுக்குத் தனிப் பதிவேடு வைத்தது. இன்றைக்கும் பல கிளினிக்குகளுக்கு நாங்கள் "லேப் பையன்".

பேச்சு எங்கோ போய்விட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்க வந்தது மார்ஜினைத்தான்.

அளவுக்குப் பதில் வாயையே படமெடுக்கும் ஸ்கேனர் வாங்கிய டாக்டர்களும் இது பழைய கதை என்று தாண்டிவிட வேண்டாம். ஒளி பட்ட இடத்தைத்தான் ஸ்கேனர் பார்க்கும். ஈறு மூடிய மார்ஜின் திரையிலும் மூடித்தான் இருக்கும். சிவப்புப் பென்சிலுக்குப் பதில் மவுஸ், அவ்வளவுதான் வித்தியாசம். ஜிர்கோனியாவுக்குப் பத்து வருட வாரண்டி கார்டு கொடுக்கிறோம். அது உடையாமல் பத்து வருடம் இருக்கும். உள்ளேயிருக்கும் பல்லுக்கு வாரண்டி யார் கொடுப்பது?

ஆகவே பணிவாகக் கேட்கிறோம். பேஷண்ட் நாற்காலியை விட்டு எழுவதற்கு முன், அளவை நன்றாகக் காயவைத்து, வெளிச்சத்தில் பிடித்து, ஒவ்வொரு பல்லின் குழியையும் நேர் மேலிருந்தும் சாய்த்தும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். போதுமா போதாதா என்று உடனே சொல்லிவிடுகிறோம். போதாது என்றால் கார்டு இன்னும் உங்கள் கையில் இருக்கும், மரப்பும் இறங்கியிருக்காது; இரண்டாவது அளவுக்குப் பதினைந்து நிமிடமும் கொஞ்சம் சிலிக்கோனும்தான் செலவு. மார்ஜின் தெரியாத அளவு இனி வந்தால் டை வெட்டாமல், அந்த இடத்தை வட்டமிட்டு அதே டப்பாவில் திருப்பி அனுப்புவோம். தயவுசெய்து அதை அவமரியாதையாக எடுத்துக்கொள்ளாமல், பேஷண்டை இன்னொரு முறை கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பிரிட்ஜுகளைச் செய்யும் டென்டல் டெக்னீஷியன்கள்