புது லைன் திறக்கும் முன்

காட்பாடி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்தது. முழங்கால் வலி தேவலையா? பேத்திக்கு மொட்டை போட்டாச்சா? இங்கே வெயிலைப் பற்றி உனக்கு எழுத வேண்டியதில்லை, நீயும் வெந்தவன்தானே.

எங்கள் தெருவில் புது மெயின் லைன் போட்டிருக்கிறார்கள். இன்னும் தண்ணீர் விடவில்லை என்று தெருவே கொதிக்கிறது. "பைப்பே புதுசு, அதைப் போய் என்னத்த கழுவறது?" என்று பக்கத்து வீட்டம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். ரிட்டயர் ஆனாலும் தண்ணி இன்ஜினியர் பட்டம் போகாது போல.

புதுசுதான். ஆனால் ரோட்டோரம் கிடந்தபோது உள்ளே மண்ணும் ஓணானும் குடியிருந்தன. ஒரு நாய்க்குட்டி படுத்திருந்ததை நானே பார்த்தேன். பள்ளத்துச் சேறு சாக்கெட்டுக்குள் (ஒரு பைப் இன்னொன்றில் நுழையும் அகன்ற வாய்) ஏறி ரப்பர் ரிங் இடுக்கில் அப்பிக்கொண்டால், குளோரின் அதற்குள் புகாது. அதனால்தான் சாயங்காலம் பைப் வாயை மூடி போட்டு அடைக்கச் சொல்லி ஃபிட்டர்களோடு அந்தக் காலத்தில் அவ்வளவு மல்லுக்கட்டினேன். அவர்களோ கோணியைத் திணித்துவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவார்கள்.

முதலில் வினாடிக்கு 0.9 மீட்டர் வேகத்தில் அலசணும். 200 மி.மீ. பைப்பில் அது நிமிஷத்துக்குச் சுமார் 1,700 லிட்டர்! குடத்தோடு காத்திருப்பவர்கள் திட்டாமல் என்ன செய்வார்கள்? அப்புறம்தான் குளோரின். அரை கிலோமீட்டர் லைன் 15,700 லிட்டர் பிடிக்கும். லிட்டருக்கு 25 மில்லிகிராம் என்றால், 30 சதவீதம் குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் 1.3 கிலோ போதும். ஆனால் தகரக் கொட்டகையில் வெந்த மூட்டையில் அந்த 30 எங்கே இருக்கும்? சோதிக்காமல் கணக்குப் போடுவது வீண். 24 மணி நேரம் நிறுத்திவைத்த பிறகும் லிட்டருக்கு 10 மில்லிகிராமாவது மிஞ்சணும். புது குடிநீர் லைனைக் கிருமி நீக்குவதற்கான அமெரிக்கர்களின் சி651 தரமும் இதையேதான் கேட்கிறது. அந்தத் தண்ணீரை அப்படியே ஏரியில் விட்டால் மீன் செத்து மிதக்கும், தயோசல்பேட் உப்பு போட்டுக் குளோரினை முறித்துத்தான் விடணும்.

சாம்பிள் பாட்டிலிலும் துளி தயோசல்பேட் இருக்கணும். இல்லாவிட்டால் லேபுக்குப் போகும் வழியிலேயே மிச்சக் குளோரின் கிருமியைக் கொன்று, கெட்ட லைனுக்கும் நல்ல சர்டிஃபிகேட் வாங்கிக் கொடுத்துவிடும். 100 மில்லியில் கோலிஃபார்ம், அதாவது அசுத்தம் கலந்திருக்கலாம் என்று காட்டிக்கொடுக்கும் கிருமி, ஒன்றுகூட இருக்கக் கூடாது.

ரிசல்ட்டுக்குத்தான் காத்திருக்கிறோம். அடுத்த மாதம் வரும்போது கோயம்புத்தூரில் குளோரின் பார்க்கும் கிட் ஒன்று வாங்கி வா. காசு கொடுத்துவிடுகிறேன்.

உன் பழைய ரூம்மேட்